சொல் டப்பா

வெள்ளிக்கிழமைதோறும் ஐந்து சொற்கள்
பள்ளியிலிருந்து வீட்டுக்கு வருகின்றன,
இருமல் மிட்டாய் இருந்த தகர டப்பாவில்
குலுங்கிக்கொண்டு.
ஸ்ட்ரூவன் காதோரம் ஆட்டிப் பார்ப்பான்:
"இந்த வாரம் கனமா இருக்கும்மா."

எழுத்துக் கூட்டினால் மாட்டாத சொற்கள் இவை.
கூட்டிப் பார்த்தால் ஒன்று வரும்,
வாயைத் திறந்தால் வேறொன்று.
"முகம் பார்த்துத்தான் பழகணும்" என்கிறார்
அவன் டீச்சர் மிஸ் கேர்ன்கிராஸ்.
"தெருக்கோடியில் வரும்போதே
இன்னார் என்று தெரிந்துவிடுகிறதே, அதுபோல."

சரி, பழகுகிறோம்.
'தி' கெட்டிலில் ஒட்டியிருக்கிறது.
'ஆஃப்' ஃபிரிட்ஜில், வாடகை நோட்டீஸுக்குப் பக்கத்தில்.
'தே' கழிவறைக் கதவில்;
எவ்வளவு அவசரமானாலும் அதை வாசித்துவிட்டுத்தான்
உள்ளே போகவேண்டும் என்பது சட்டம்.
எனக்கும்தான்.

மீன் ஷெட்டிலிருந்து வந்து
ஹேடாக் வாடை போக நான் எலுமிச்சையால் கை தேய்க்கும்போது
அவன் தட்டில் உப்பைப் பரப்பி
விரலால் எழுதுகிறான்.
பிழை என்றால் ஒரு தட்டு. உப்பு மறந்துவிடும்.
காகிதம் அப்படியில்லை.

'வாஸ்' மட்டும் அடங்கமாட்டேன் என்கிறது.
இருந்தேன், இருந்தது, இருந்தார், எல்லாம் அதுவே.
மூன்றே எழுத்து.
வலமிருந்து வாசித்தால் 'ஸா': பார்த்தேன்.
அவன் கையில் அது எந்தப் பக்கமும் புரளும்,
வலையிலிருந்து படகுத் தளத்தில் விழுந்தது மாதிரி.
நான் திட்டுவதில்லை. எந்த வாயால் திட்ட?
என் அம்மா ஆக்னஸ் தன் பெயரையே
கடைசி எழுத்திலிருந்து எழுதி
எனக்கு வைத்தாள்: செங்கா.
ஆர்ப்ரோத்தில் எங்கள் தெருவிலேயே இருவர் இருக்கிறோம்,
இரண்டு தலைகீழ் ஆக்னஸ்கள்.

முதல் எழுத்துக்குப் பச்சை மை தீட்டினேன்.
"பச்சை விழுந்தால்தானே வண்டி கிளம்பும்?
அங்கிருந்து தொடங்கு."
இரண்டு நாள் ஒழுங்காய்க் கிளம்பியது.

செவ்வாய்க்கிழமை அவனே ஒரு வாக்கியம் எழுதினான்.
யாரும் கேட்காமல்,
மின்கட்டண உறையின் பின்புறம்,
நாக்கைக் கடித்துக்கொண்டு:

நான் அப்பாவாக இருந்தேன் பேக்கரியில்.

சிரித்துவிட்டேன். "நீ அப்பாவா இருந்தியா?
மீசை எங்கே? சம்பளம் எங்கே?"
அவன் சிரிக்கவில்லை.
"உனக்குப் படிக்கத் தெரியலையாம்மா?"

பச்சைப் பேனாவை எடுத்தேன்.
முதல் எழுத்தைக் கடைசிக்கும்
கடைசி எழுத்தை முதலுக்கும் மாற்றினேன்.
திருத்தம் என்று நினைத்துத்தான்.

நான் அப்பாவைப் பார்த்தேன் பேக்கரியில்.

கெட்டில் கொதித்துத் தானாக அணைந்தது.
"நூலகத்துக்கு வரிசையில போனோமே, அப்ப,"
என்கிறான். "ஜன்னல் வழியா."

அவன் அப்பா வடகடலில், எண்ணெய் மேடையில்,
இந்த மாதம் இருபத்தெட்டு வரை.
காலண்டரில் நானே கட்டம் போட்டிருக்கிறேன்.
இன்று பதினொன்று.

'யாருடன்' என்ற சொல் வாய்வரை வந்தது.
அது ஐந்து வயதுக்கான சொல் இல்லை.
வேறொன்று கேட்டேன்:
"அப்பா என்ன சொன்னார்?"

பென்சிலை எடுத்தான். யோசித்தான்.
டப்பாவைக் கவிழ்த்துச் சீட்டுகளைக் கலைத்துத் தேடினான்,
ஒவ்வொரு முகமாக.
"'சொன்னார்' இன்னும் வரலைம்மா.
வர்ற வெள்ளிக்கிழமைதான் தருவாங்களாம்."

சரி என்றேன்.
உறையைக் கிழிக்கவில்லை.
அவன் எழுதிய முதல் வாக்கியம் அல்லவா,
ஃபிரிட்ஜில் வாடகை நோட்டீஸின் மேலேயே ஒட்டினேன்.
மூலையில் தேதி போட்டேன்.
பக்கத்தில், அவன் பார்த்துக்கொண்டே நின்றதால்,
பச்சை மையில்
'சரி' என்று ஒரு குறி.