ஓய்வுநாள் அபராதம்

பாறசாலைக்குக் கிழக்கே காஞ்சிரவிளைச் சபை.
கொல்லம் ஆயிரத்து நாற்பத்தாறு, மேடம்.
உபதேசியார் சத்தியநேசனின் கணக்கு;
கோழி கிளறிய எழுத்து.

"அருமைநாயகம், பனையேற்று.
ஓய்வுநாளில் பாளை சீவினது. ஒரு சக்கரம்."

அடுத்த வாரமும் அவன்.
அதற்கடுத்து அவனோடு பத்தொன்பது பேர்.
கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள்.
ஒருநாள் விட்டால் பாளை கண்ணடைக்கும் அய்யா,
பனை இன்னும் ஞானஸ்நானம் வாங்கலை
என்றானாம்.
இதை எழுதிவிட்டு அடித்திருக்கிறார்,
வாசிக்கத் தோதாக, ஒற்றைக் கோட்டில்.

சக்கரம் யாரிடம் இருந்தது?
கருப்பட்டியாகக் கட்டினார்கள்.
அக்கானி ஓயும்வரை
பங்களாத் திண்டில் ஓலைச் சிப்பங்கள், எறும்பு,
எறும்புக்குச் சாம்பல் போட்ட செலவு கால் சக்கரம்.
துரைசாணி மொத்தமாக விற்றாள்.

கன்னி மாதத்தில் வேறு மை:
"மணி ஒன்று, பன்னிரண்டு ராத்தல்.
கருப்பட்டி வகையில்.
கோபுரத்துக்குப் பணமில்லாததால்
தெற்குப் பனையில் கட்டியது.
கயிறு வாங்கும்வரை
ஞாயிறுதோறும் ஏறி அடிக்க
அருமைநாயகம்.
கூலி இல்லை."

கடைசித் தாள்வரை புரட்டினேன்.
விளக்கெண்ணெய் வாங்கியிருக்கிறார்கள்,
பாய், சிலேட்டு,
துரையின் குதிரைக்கு லாடம்.

கயிறு இல்லை.