மாதிரி

சம்பளப் பட்டியலில் என் பெயருக்கு எதிரே எழுதியிருக்கும்:
மாதிரி, பெண், அமர்வு, ஆறு மணி நேரம்.
பெயர் தையல்நாயகி.
கபிஸ்தலத்திலிருந்து ஏழே முக்கால் பேருந்தில் வருவேன்
கும்பகோணத்து ஓவியக் கல்லூரிக்கு.
மேடை என்பது இரண்டு பலகை,
அதன்மேல் ஒரு கால் ஆடும் நாற்காலி.
நாற்காலி ஆடலாம், நான் ஆடக் கூடாது.

பக்கத்து அறையில் பாடம் நடக்கும்.
இடையில் இருப்பது பாதிச் சுவர்.
கண்ணைத் திருப்பக் கூடாதே தவிர
காதுக்கு யாரும் தடை போடவில்லை.
நூற்றைம்பது வருஷக் கதையை
முதுகுப்புறமாகவே படித்தேன்.

கேமரா வந்துவிட்டது, என்றது சுவர்,
அச்சு அசலாய் வரைய இனி ஆள் எதற்கு?
அதற்கப்புறம் தொடங்கியதாம் எல்லாம்.

ரீகன் என்னை விட்டுவிட்டு வெயிலை வரைந்தான்.
பத்து மணிக்கு ஒரு படம், பன்னிரண்டுக்கு இன்னொன்று.
ஒன்றில் என் தோள் ஊதா, மற்றதில் எலுமிச்சை.
கிட்டே போனால் புள்ளியும் கீற்றும்,
நாலடி தள்ளி நின்றால் நான்.
எனக்கு அதிசயமாய் இல்லை.
வருகிற வழியில் காவிரியில் தண்ணீர் ஓடினால்
வானம் அப்படித்தான் உடைந்து கிடக்கும்.

மும்தாஜ் முகத்துக்குப் பச்சை அடித்தாள்.
'சீக்காளியாவா இருக்கேன்?'
'இல்லக்கா, காலையில நீங்க உள்ள வரும்போது
உங்க கோவம் இந்த நிறத்துல இருந்துச்சு.'
அன்று காலை வீட்டில் நடந்ததை
அவளிடம் நான் சொன்னதே இல்லை.

க்யூபிசம் என்ற சொல் சுவர் தாண்டி வந்த வாரம்
வெற்றிச்செழியன் என்னைப் பிரித்து மடித்தான்.
மூக்குத்தி பக்கவாட்டில், பொட்டு நேரில்,
பின்கழுத்துத் தேமலும் அதே தாளில்.
ஒரே நேரத்தில் எல்லாப் பக்கமும் பார்க்கிறானாம்.
குழுக்கடன் வசூலுக்கு வரும் வண்டிச் சத்தம் கேட்டால்
நானும் அப்படித்தான் பார்ப்பேன், தம்பி.

வேகத்தை வரைகிறேன் என்று ஒருத்தன்
எனக்குப் பதினோரு கை வைத்தான்.
நடவு வயலில் பார்த்திருப்பான்.

கனவை வரையச் சொன்னார்கள் ஒருமுறை.
என் தலை இருந்த இடத்தில் ஒரு மதகு,
கதவு பாதி தூக்கி,
உள்ளிருந்து வரிசையாய் நனைந்த கோழிக்குஞ்சுகள்.
வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.
ராத்திரி விளக்கணைத்த பிறகு
சிரிப்பு வரவில்லை.

காய்ச்சலில் நான் போகாத நாள்
பன்னீர் அந்தக் காலி நாற்காலியில்
என் பெயர்ச் சீட்டை ஒட்டி நிறுத்தினான்.
இதுதான் படைப்பு என்றான். சுவரும் ஆமாம் என்றதாம்.
எனக்குப் பதில் நாற்காலி உட்கார்ந்ததே,
அரை நாள் கூலியாவது கொடுங்கள் என்றேன்.
கொடுக்கவில்லை.
அவனே பிறகு என் ஆதார் படத்தை
முப்பது தடவை அச்சடித்தான், தீப்பெட்டி வண்ணங்களில்.
ஒருதடவை பார்க்கவே பிடிக்காத முகம்.

சங்கமித்ரா யாரிடமும் பேச மாட்டாள்.
ஆறடித் துணி. பழுப்பின் மேல் பழுப்பு.
கீழே ஓரமாய் வெளிறிய ஒரு கோடு.
மூக்கில்லை, முழியில்லை.
'இதுல நான் எங்க பாப்பா?'
'முழுசும்.'
நின்றேன்.
மேட்டூர் திறக்காத வருஷம்,
ஆனி போய், ஆடியும் போய்,
நாற்றங்கால் கருகிய எங்கள் குத்தகை வயல்
படுத்திருந்தது அதில்.
அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாது.
எல்லோரும் டீ குடிக்கப் போன நேரம்
உள்ளங்கையை அதன்மேல் வைத்தேன்.
ஈரமாக இருந்தது.

தேர்வுக்குச் சென்னையிலிருந்து வந்தவர்
ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்றார்,
தலையாட்டினார், மதிப்பெண் எழுதினார்.
கதவோரம் நின்ற என்னிடம் வந்து
'யாரும்மா வேணும்?' என்றார்.
'கணக்கர் சார்' என்றேன்.

ரெவின்யூ ஸ்டாம்ப்பின் மேல் கையெழுத்துப் போட்டேன்.
கணக்கர் பழைய தாளைப் புரட்டி
இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.
'போன மாசம் போட்ட மாதிரி இல்லையே,
ஒழுங்கா இன்னொரு தடவை போடுங்க.'

விரலிடுக்கில் இன்னும் பழுப்பு.
பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டேன்:
'எந்த மாதிரி சார்?'