இஸ்திரிப் பலகையில் ஒரு பந்தயக் கார்

இரவு ஒன்றே கால்.
புக்கிட் பாஞ்சாங், பதினொன்றாம் மாடி.
இஸ்திரிப் பலகையின் மூக்கில்
இரண்டு கவ்வி போட்டு இறுக்கிய ஸ்டீயரிங்.
பெடலுக்கு அடியில் ஜமுக்காளம், நான்காய் மடித்து.
கீழ்வீட்டுத் திருமதி குவெக்
என் மிதிகளை எண்ணிக்கொண்டு படுத்திருப்பாராம்.
மின்தூக்கியில் சொன்னார்,
கோபமில்லை, கணக்கு ஒப்பிக்கும் குரல்:
"நேற்று நூற்று நாற்பத்திரண்டு."

என் கார் அறுபத்தேழாம் வருடத்தது.
சுருட்டு போல் உடம்பு.
இறக்கை இல்லை, இடுப்புவார் இல்லை,
சைக்கிளிடம் கடன் வாங்கியது போல் டயர்கள்.
நுனிக்கால் பிரேக்கில் இருக்கும்போதே
குதிகால் ஆக்ஸிலேட்டரைத் தட்ட வேண்டும்,
இடது கால் கிளட்சில், இடது கை கியரில்.
ஒரு மயிரிழை பிசகினால்
பின்சக்கரம் முன்னால் வந்து
யார் நீ என்று கேட்கும்.

மஸ்தானுக்கு இந்த வருடத்துக் கார்தான்.
ஸ்டீயரிங்கில் இருபத்திரண்டு பொத்தான்.
மழையில் வழுக்காது,
வழுக்க நினைத்தாலே கணினி காதைத் திருகிவிடும்.
உட்லண்ட்ஸிலிருந்து போனில் சிரிப்பான்:
"அக்கா, அது கார் இல்ல,
சக்கரம் வச்ச சவப்பெட்டி."
"உன்னது மட்டும் காரா தம்பி?
பல் டாக்டர் நாற்காலி."

இந்த ஊரில் காருக்குப் பத்து வயதுதான் கணக்கு.
மேலும் வாழ வேண்டுமென்றால்
சான்றிதழுக்கு மறுபடி காசு கட்ட வேண்டும்.
என்னிடம் லைசென்ஸ் மட்டும் இருக்கிறது,
பர்ஸில், அடையாள அட்டைக்குப் பின்னால்,
ஒன்பது வருடமாய் வெயில் படாமல்.

வேலை, மாலை மூன்றிலிருந்து.
ஓட்டுநர் இல்லாத ரயில்களைப் பார்த்துக்கொண்டிருப்பது.
பச்சைப் புள்ளிகள் தாமாக நகரும்,
தாமாக நிற்கும், கதவு திறக்கும்.
நான் எதையாவது தொட்டேன் என்றால்
அன்று ஏதோ தவறு நடந்திருக்கிறது.
நல்ல நாளில்
கை மடியிலேயே இருக்கும்.

போன வாரம், ஆட்டம் முடிந்தும்
அழைப்பைத் துண்டிக்க மறந்து
லாரியில் ஏறிவிட்டான் மஸ்தான்.
பாசிர் பாஞ்சாங் சந்தைக்கு முட்டைக்கோஸ் ஏற்ற.
சாவி. இருமல். மறுபடி இருமல்.
"வாடா தங்கம், வாடா."
மூன்றாம் தடவை எழுந்தது எஞ்சின்.
மழை போலிருக்கிறது, வைப்பர் கீச்சிட்டது.
அப்புறம் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனான்:
நடுவில் கியரை ஒரு நொடி அந்தரத்தில் விட்டு,
கிளட்ச் இன்னொரு முறை,
சத்தமே இல்லாமல் உள்ளே.
இறங்கும்போது சின்னதாய் ஓர் உறுமல் கொடுத்து.
ஆறு மாதமாய் எனக்கு வராதது.
இருட்டில் போனைப் பிடித்தபடி
புக்கிட் தீமா வரை கேட்டிருப்பேன்.
எனக்கு வெட்கமாக இருந்தது,
வேலையில் இருப்பவரை ஒட்டுக்கேட்டது போல.
நானே துண்டித்தேன்.

மறுநாள் கேட்டேன்: "மாத்திக்கலாமா?"
"நீங்க வேணா என்னுத எடுங்க.
ராத்திரி முழுக்க அந்தக் கியரோட மல்லுக்கட்டுறேன்,
ஆட்டத்துலயுமா?" என்றான்.

எடுத்தேன்.
திரையில் நம் நகரம், மழை, இரவு விளக்குகள்.
வேலைக்கு முதல் நேர்காணல் போன அன்று
பஸ்ஸை விட்டுவிட்டு நின்ற நிறுத்தம்
மணிக்கு இருநூற்றெண்பதில் ஒரு கோடாய்ப் போயிற்று.
பாலத்து வளைவில் திருப்பினேன்,
கார் வளைந்தது. அவ்வளவுதான்.
யாரும் யார் நீ என்று கேட்கவில்லை.
நன்றாக இருந்தது.
மஸ்தானிடம் சொல்லவில்லை.

இரண்டே முக்காலுக்குப் பழைய காரை எடுத்து
முதல் திருப்பத்திலேயே சுவரில் மோதிவிட்டுப்
படுத்தேன்.

காலையில் மின்தூக்கி.
திருமதி குவெக் முகத்தை உற்றுப் பார்த்தார்.
"நேற்று அறுபதுகூட வரவில்லை.
உடம்பு சரியில்லையா?"