மூன்றாம் கட்டு

ஆறு மணிக்குக் கதவைச் சாத்தினோம்.
டூங்காபியில் ஒரு பள்ளி மண்டபம்.
வெளியே சொசேஜ் சுட்ட தட்டை
யாரோ சுரண்டுகிறார்கள்.
பெட்டியைக் கவிழ்த்ததும் மேசை முழுக்கப் பச்சைத் தாள்.
ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேர்
மடித்து மடித்துப் போட்ட கோபம் என்று எழுதலாம்.
பாதிப் பேருக்குக் கோபமும் இல்லை,
அபராதத்துக்குப் பயந்து வந்தவர்கள்.

விரலுக்கு ரப்பர் தொப்பி.
எனக்கு இது ஒருநாள் வேலை.
மற்ற நாளெல்லாம் மருந்துக்கடையில் மாத்திரை எண்ணுகிறேன்.
எண்ணிக்கையில் எனக்குப் பிழை வராது.

ஏழு பேர் நின்றார்கள், ஏழு கட்டு.
இரண்டு மட்டும் கிடுகிடுவென வளர்ந்தன.
மரியான் ஒகேஃபின் கட்டு
ஒரு விரற்கடை தாண்டவில்லை.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.
துண்டறிக்கையைத் தானே நகலெடுத்து
மழையில் வீடுவீடாய்ப் போட்டவர்.
முன்பக்கம் முழுக்கக் கூரையில்லாத பஸ் நிறுத்தங்கள்.
பின்பக்கம்
தற்காலிக விசாவில் தொங்குகிறவர்களுக்கு ஒரு முடிவு வேண்டும் என்று
நாலே வரி.
அந்த நாலு வரிக்காகத்தான்.

எங்கள் பின்னறையில் வாடகைக்கிருப்பவன் கேதீஸ்வரன்.
படகில் வந்து பன்னிரண்டு வருடம்.
ஆறு மாதத்துக்கொரு கடிதம் வரும் அவனுக்கு.
ஆட்சி மாறினால் அமைச்சின் பெயர் மாறும்.
கீழே உள்ள வசனம் மாறாது.
மற்றதற்கெல்லாம் நாயும் பூனையுமாய்ப் பிராண்டுகிறவர்கள்
படகு என்றதும் ஒரே வாய்.
இரண்டு தரம் சிவப்புக்குப் போட்டேன், நம்பி.
ஒரு தரம் நீலத்துக்கு,
சிவப்பின் மேலிருந்த ஆத்திரத்தில்.

இன்று காலை, அட்டை மறைப்புக்குள்,
ஒன்று எழுத ஒரு நொடி ஆகவில்லை.
இரண்டு மூன்று நாலு ஐந்து
பேரைப் பார்த்தும் பாராமலும்.
மிஞ்சியது அந்த இரண்டு பெட்டி.
யாருக்கு ஆறு, யாருக்கு ஏழு?
பென்சில் வியர்க்கும்வரை நின்றேன்.
பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

முதற்சுற்றில் மரியானுக்கு நாற்பத்தொன்று.
"கட்டுக்காசும் கிடைக்காது, பாவம்,"
பொறுப்பதிகாரி நொயெலீன் தேநீரை ஊதினார்.
"இனி இந்த ஐந்து கட்டையும் பிரி.
ஒன்றைப் பார்க்காதே.
பெரிய இரண்டு பேரில் யாருக்குச் சின்ன எண்,
அதை மட்டும் பார்."

ரப்பர் வளையத்தைக் கழற்றினேன்.
இடம், வலம்.
வலம், வலம், இடம்.
பதினேழாவதோ பதினெட்டாவதோ,
நடுவில் கோடு கிழித்த ஓர் ஏழு.
கொன்வென்ட்டில் அடி வாங்கிப் பழகிய ஏழு.
என் கை எனக்குத் தெரியாதா?

கட்சி முகவர்கள் இருவர்
தொட அனுமதியில்லாமல் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள்.
ஒருவர் சூயிங்கத்தை மெல்வதை நிறுத்திவிட்டார்.
தாள் எந்தப் பக்கம் விழுமென்பதே அவருக்கு.
என் ஒன்றின் மேல்
ஒரு கண்ணும் படவில்லை.

ஆற்றில் கொட்டினாலும் அளந்து கொட்டு என்பார்கள்.
அளந்துதான் கொட்டினேன்.
எந்தப் பக்கம் வைத்தேன் என்று
வீட்டிலும் சொல்லவில்லை.

பத்தரைக்கு வந்தபோது கேதீஸ் விழித்திருந்தான்.
வாக்கில்லாதவன்,
மூன்று தொலைக்காட்சி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"அந்த பஸ் அம்மாவுக்கு எத்தினை?"
"நாப்பத்தொண்டு."
சொல்ல வெட்கமாயிருந்தது.

"நாப்பத்தொரு பேரோ?
இந்தப் பள்ளிக்கூடத்தில மட்டுமோ?"

எழுந்துபோய் முன்கதவைத் திறந்தான்.
விளக்கணைந்த வீடுகளை
இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்
பார்த்துக்கொண்டு நின்றான்,
எந்தெந்த வீடாயிருக்கும் என்று
எண்ணுகிறவன் போல.