எட்டு மாத்திரை மிச்சம்

நாலு வாரத்துக்கு எண்பத்து நாலு.
டப்பாவைக் கவிழ்த்தால்
தட்டில் ஒன்றும் விழக்கூடாது.
ஹில்க்காவின் டப்பாவிலிருந்து
எட்டு விழுந்தன.

அவள் எங்களுக்கு 0417.
பெயரை வெளியில் சொல்லக்கூடாது,
சொல்லிவிட்டேன்.

ஔலு மருத்துவமனை, ஜனவரி.
மூன்று மணிக்கே ஜன்னல் கறுத்துவிட்டது.
பாதி டப்பாக்களில் தசையைத் தளர்த்தும் மருந்து,
பாதியில் வெறும் மாவு.
எதில் எது என்று எனக்குத் தெரியாது,
டாக்டர் வெஸ்டர்பாக்காவுக்கும் தெரியாது.
தெரிந்த கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது,
அது வாய் திறக்காது.

மறந்துட்டீங்களா என்றேன்.
கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள்.
"புதனும் சனியும் மேட்ச்."

சக்கர நாற்காலிக்கு அவர்கள் விட்டிருக்கும் இடம்
கடைசி வரிசைக்குக் கீழே.
கோல் விழும்போது அரங்கமே எழுந்துகொள்ளும்,
அவளுக்கு முன்னால் இருபது முதுகு.
"பதினோரு வருஷமா நான் பார்த்த கோல் எல்லாம்
கோட்டுதான்."

மத்தியான மாத்திரை போட்டால்
முழங்கால் வெந்த மக்ரோனி.
போடாவிட்டால் இரண்டும் கழி.
ராத்திரி முழுக்கக் கெண்டைக்கால்
சுருட்டிச் சுருட்டி இழுக்கும்,
விடியும்வரை தலையணையைக் கடித்துக் கிடப்பாள்.
ஆனால் கழி நிற்கும்.
கம்பியைப் பிடித்துக்கொண்டு நாற்பது விநாடி.
நடுவரைத் திட்ட அது போதும்.

எங்கள் ஆய்வுத் திட்டம் நூற்றிப் பன்னிரண்டு பக்கம்.
காலை மடக்கிப் பார்த்து
விறைப்புக்குப் பூஜ்யம் முதல் நாலு வரை மதிப்பெண்.
குறைந்தால் வெற்றி.
அந்த விறைப்பின் மேலேயே ஒருத்தி
ஏறி நிற்பாள் என்று
எந்தப் பக்கத்திலும் இல்லை.
அன்றிரவு திரும்பவும் தேடினேன்.

தவறவிட்டதற்குக் காரணம்:
மறதி, குமட்டல், தலைசுற்றல், மற்றவை.
மற்றவைக்கு ஒரு விரல் அகலம் இடம்.
ஐஸ் ஹாக்கி, என்று எழுதினேன்.
ஹெல்சிங்கியிலிருந்து தணிக்கைக்கு வந்த பெண்
சிவப்பில் வட்டம் போட்டு
இது காரணமா, என்று கேட்டாள்.
ஆமாம் என்று அதற்கடியில் எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.
தேதி போட மறந்தேன்,
அதற்கும் ஒரு வட்டம்.

இரண்டு வசந்தம் கழித்துப் பூட்டு திறந்தது.
நானூறு வரிகளில்
என் விரல் நேராகப் போனது பதினேழாம் வரிக்கு மேல்
நாலு நூறு தள்ளி.
0417: மாவு.

போன் செய்தேன்.
அந்தப் பக்கம் கெட்டில் கொதித்து
தானாக அணைந்தது.
"மாவா?"
"மாவு."
"மக்ரோனி மாதிரி ஆச்சே."
"ஆமாம்."
"கழி மாதிரி நின்னேனே."
"ஆமாம்."

அவளுடைய முழங்காலைப் பற்றி
என்னிடம் எண்கள் இருந்தன,
ஒன்றையும் சொல்லவில்லை.

வெகுநேரம் கழித்து
மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.
"போகட்டும்.
இந்த வருஷம் நம்ம டீம் ஆடுற ஆட்டத்துக்கு
உட்கார்ந்தே பார்க்கலாம்."