மூன்றாம் கொக்கி

ஃபரோ தீவுகளின் வடகோடியில் எங்கள் ஊர்.
நாற்பத்தொரு பேர், முந்நூறு ஆடு, ஒரு கோயில்.
தார் பூசிய பலகைச் சுவர். கூரைமேல் புல்.
போதகர் ஆறு வாரத்துக்கு ஒருமுறை,
அதுவும் கடல் வழிவிட்டால், வருவார்.
மற்ற ஞாயிறுகளில்
தபால்கார யாக்குப்தான் உபதேசியார்.
பழைய பிரசங்கம் ஒன்றை எடுத்து வாசிப்பார்,
முற்றுப்புள்ளி வரும் இடமெல்லாம் இருமிக்கொண்டு.

இரண்டு குளிர்காலம் நான் போகவில்லை.

காரணம் ஒரு கிடா.
ஹானுஸின் கிடா, என் மேய்ச்சல் சரிவு.
வேலிக்கல்லைப் பெயர்த்தது அவன் கையா காற்றா
என்பது இன்றுவரை தீராத வழக்கு.
அதைவிடக் கொடுமை,
கோயிலில் என் பெஞ்சின் மறுமுனை அவனுடையது.
பாட்டெடுத்தால் அரைச் சுருதி கீழே நிற்பான்.
சமாதானம் சொல்லிக் கைகொடுத்தால்
என் விரலில் ஆட்டுக்கொழுப்பு மணக்கும்,
திங்கட்கிழமை வரை.

கடவுள் அடுப்படியிலும் இருக்கிறார் என்றேன்,
கேட்க ஆளில்லாத அடுப்படியில்.
கைபேசியில் தலைநகரப் பிரசங்கி ஒருவர்.
தேன் குரல். இருமலே கிடையாது.
சலித்தால் நிறுத்தினேன்.
உறுத்தினால் வேறொருவருக்கு மாறினேன்.
"ஏன் இப்படி இளைத்துவிட்டாய், பெர்க்டோரா?"
என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை.
கேட்க முடியாது, பாவம்.
நானும் அவர் வீட்டுக்கு ஒருநாளும்
சூப்பு கொண்டுபோனதில்லை.

முதல் குளிர்காலம்,
கோயில்பிள்ளை சுன்வாவின் கணவர் இறந்தார்.
ஜன்னலில் நின்று பார்த்தேன்.
பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும்.
ஐந்து பேர்தான்.
கல்லறை மேடு ஏறுவதற்குள்
நான்கு இடத்தில் இறக்கி வைத்தார்கள்.
எண்ணினேன்.
எண்ணியதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை.

இரண்டாம் குளிர்காலம், பிப்ரவரி.
ஆட்டையே தூக்கிப்போகும் காற்று.
யாக்குப் கதவைத் தட்டினார்.
ஆண்டவர் உன்னைத் தேடுகிறார் என்று சொல்லவில்லை.
காணாமற்போன ஆட்டின் கதையும் சொல்லவில்லை.
"சுன்வாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.
மணிக்கயிறு கனம்.
உன் தோள் மீன் ஆலைத் தோள்"
என்றார், இருமினார், போய்விட்டார்.

கயிறு இழுக்கத்தான் போனேன்.

வாசல் நடையில் பதின்மூன்று கொக்கிகள்.
புதிதாய் வந்த டீச்சரம்மா, அவர் இரண்டு பிள்ளைகள்,
மீன்பண்ணைக்கு வந்த மூன்று பையன்கள்,
எல்லோர் கோட்டும் ஒன்றன்மேல் ஒன்றாய்
நனைந்த செம்மறிகள் போல் நெருக்கியடித்தன.
மூன்றாம் கொக்கி மட்டும் காலி.
என்னுடையது.
அதில் துரு ஏறியிருந்தது.

உள்ளே பெஞ்சின் மறுமுனையில்
ஈரக்கோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஹானுஸ்.
சொட்டுச் சொட்டாய் நீர்
அவன் செருப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.
கொக்கி ஒன்று காலி என்று அவனுக்குத் தெரியும்.
யாருடையது என்றும் தெரியும்.

மணியடித்தேன். தோள் வலித்தது.
வந்து உட்கார்ந்தேன்.
அவன் திரும்பவில்லை. பாட்டு தொடங்கியது.
அதே அரைச் சுருதி கீழே.

கோணல் கற்களை அடுக்கிய வேலிதான்
சாந்தே இல்லாமல் புயலில் நிற்கிறது,
அதுபோல் எங்கள் பாட்டும் நின்றது
என்று எழுதினால் அழகாக இருக்கும்.
உண்மையில் எனக்கு எரிச்சல்தான் வந்தது.
காதோரம் சூடேறும் பழைய எரிச்சல்.
நிறுத்த முடியாது. மாற்ற முடியாது.
கூடச் சேர்ந்து
கொஞ்சம் உரக்கப் பாடத்தான் முடிந்தது.

ஆராதனை முடிந்து சுன்வா வீட்டுக்குப் போனேன்.
நான்கு இடம் என்று தொடங்கினேன்.
"ஐந்து" என்றார் அவர்.
"படலைக்குப் பின்னால் உனக்குத் தெரிந்திருக்காது.
காபி போடு, எனக்கு எழ முடியவில்லை."

வழக்கு இன்னும் தீரவில்லை.
கல் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது.
அடுத்த ஞாயிறு
மூன்றாம் கொக்கியில் என் கோட்டை மாட்டினேன்.
மணியடித்துவிட்டு வந்து பார்த்தால் அதன்மேல்,
சொல்லாமல் கொள்ளாமல், அவனுடையது.

துவைத்துப் பார்த்துவிட்டேன்.
அந்தக் கொழுப்பு வாடை போவதாக இல்லை.