நிமிர்ந்த காது

ஆற்காடு ரோட்டு மருந்துக்கடையில்
இரவு ஷிப்டு எனக்கு.
பிரிக்காத பதினோரு அட்டையைத் திருப்பித் தந்தார்
மால்டாக்காரர் ஹால்தார்.
பில் இருந்தது. பேட்ச் நம்பர் சரியாக இருந்தது.
ஏன் மீந்தது என்று நான் கேட்கவில்லை.
அந்தத் தெருவில் யாரும் கேட்பதில்லை.

பணத்தை எண்ணாமல் பையில் போட்டவர்
லாட்ஜ் ஜெனரேட்டர் பக்கம் கைகாட்டினார்.
பாலில் நனைத்த பொரி போட்டு
மூன்று வாரம் அவர் வளர்த்த குட்டி.
"நீ... பாத்துக்கோ."
எங்கள் ஊரில் அவர் கற்ற தமிழில்
"எவ்ளோ", "டோக்கன்", "நாளைக்கு வா" போக
மீதி அது ஒன்றுதான்.
காட்பாடியில் ரயில் பத்தே முக்காலுக்கு.

தாய், தெரு.
தகப்பன் எலும்பு டாக்டர் வீட்டு லேப்ரடாராக இருக்கலாம்
என்றான் ஆட்டோ முனிரத்தினம்.
கறுத்த முகம், செம்மண் முதுகு,
ஒரு காது நிமிர்ந்து, ஒன்று மடிந்து,
அண்ணன் ஷூவை மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி
உடம்பை மீறிய பாதம்.

ஹேமாவதி கதவைத் திறந்தாள்.
என்னைப் பார்த்தாள். சட்டைக்குள் நெளிவதைப் பார்த்தாள்.
"இருக்கறதே ஒரு ரூம்" என்றாள்.
நான் கைகழுவி வருவதற்குள்
தயிர்ச்சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

முதல் மாதம் முழுக்கத் துடைப்புதான்.
முள்ளுக் கத்தரிக்காய்க் காம்பைக் கடித்து
மூக்கில் குத்திக்கொண்டு அழுதது;
மறுநாளும் கடித்தது.
சித்திரையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்க
ஈரச்சாக்கில் வயிறு பரப்பித்
தவளையாய்க் கிடந்தது.
மடிந்த காதுக்குள் உண்ணி.
புருவ இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி
மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் எண்ணிப் போட்டாள்:
முப்பத்தியேழு.

வாந்தியும் பேதியுமாய் நாலு நாள்.
கன்னத்து ஓரமாக சிரிஞ்சு வைத்து
ஐந்து ஐந்து மில்லி ஓ.ஆர்.எஸ்.
கால் மணிக்கு ஒரு அலாரம்.
ஊருக்கெல்லாம் மாத்திரை எண்ணித் தருகிறவன்
கை நடுங்கிப்
பாதியைத் தரையில் விட்டேன்.

பிழைத்தது.
தடுப்பூசிக்குக் கால்நடை மருத்துவமனை போனோம்.
அட்டை எழுதுகிறவர் கேட்டார்: பெயர்?
வரிசையில் யாரோ "டோக்கன், டோக்கன்" என்று கத்த
அது தலையைத் தூக்கியது.
அதையே எழுதச் சொன்னோம்.
இனம்?
எங்கள் பதிலுக்குக் காத்திராமல்
"கலப்பு" என்று அவரே எழுதிக்கொண்டார்.
ஹேமாவதி என் கையைக் கிள்ளினாள்.
ரெண்டு வீட்டு வாசலும் எங்களுக்கு மூடிய சொல்,
இங்கே அரை அங்குலக் கட்டத்துக்குள் அடங்கி,
ஊசி போட ஒரு தடையுமில்லாமல்.

வீட்டுக்கார தனகோட்டிதான் கேட்டார்,
"என்ன ஜாதிப்பா இது?"
"கடிக்காத ஜாதி" என்றாள்.
பொய். அன்று காலைதான்
அவர் செருப்பு வாரின் மிச்சத்தை
மாடிப்படிக்கு அடியில் புதைத்துவிட்டு வந்திருந்தாள்.

கோட்டை அகழி ஓரம் நடக்கும்போது
டோக்கன் என்று நாலு தரம் கூப்பிட்டாலும் திரும்பாது.
யாராவது வங்காளத்தில் போன் பேசிப் போனால்
கயிற்றோடு என்னையும் இழுத்துக்கொண்டு ஓடும்.
முழங்காலை முகரும்.
ஆளில்லை என்று தெரிய அதற்கு ஒரு நொடி போதும்.
அவர்களுக்கு என்ன சொல்வதென்று
எனக்குத்தான் தெரியாது.

ஐப்பசியில், மழை பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை,
பில்லின் பின்னால் எழுதித் தந்த நம்பருக்கு
ஹால்தார் கூப்பிட்டார்.
"லாலு?" என்றார்.
அவர் வைத்த பெயர் அதுவென்று அன்றுதான் தெரியும்.
போனை அந்த நிமிர்ந்த காதில் வைத்தேன்.
மூன்று நிமிடம் பேசினார்.
ஒரு பெண்ணின் பெயர் இரண்டு முறை வந்தது.
என் சாக்ஸை வாயில் கவ்வியபடி
மெல்லாமல் நின்றது டோக்கன்.

பிறகு அவர் வைத்துவிட்டார்.
அது சாக்ஸைத் தொடர்ந்தது.